உம்மாவின் துண்டுப் போர்வை

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான எனது பத்திரிகை வாழ்வில் எழுதிய செய்திகளுள், இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருப்பது எது என்று எவரேனும் வினவினால், 1990 நவம்பர் முதல் வாரத்தில் எழுதிய ஒரு சிறு செய்தியையே குறிப்பிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வவுனியாவை வந்தடைந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களின் எண்ணிக்கை இன்னும் உறுதிசெய்யப்படவில்லை என்பதே அச்செய்தியின் சாரம். அதனை அச்சுக்கோப்புப் பகுதிக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது ஆசிரியபீடத்துத் தொலைபேசி ஒலித்தது. அக்குறணையில் எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள கடையிலிருந்து உம்மா பேசினார்.

"தங்கச்சி வந்து சேர்ந்திட்டாளா, மகன்?"

"எண்ணிக்கை இன்னும் வரல்ல உம்மா" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் மௌனம் நிலவியது. பின்னர் தொலைபேசி வைக்கப்பட்டது. ஒரு தாய் தன் தங்கையைப் பற்றிக் கேட்டதற்கு, ஓர் உதவி ஆசிரியர் விடையளித்திருக்கிறார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

என் உம்மா அக்குறணையிற் பிறந்தவர் அல்லர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலே 1936 ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய வாப்பா, அதாவது என் மூத்த வாப்பா, யாழ் நகரிலே தையல் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வணிகத்திலும் தையற்றொழிலிலும் பெயர்பெற்று விளங்கியதைப் பழைய யாழ்ப்பாணத்தவர்கள் நன்கறிவர். அக்குறணையாரோ இலங்கையின் மூலை முடுக்கெல்லாம் கடை போட்டவர்கள். கண்டி இராச்சிய காலத்திலேயே இப்பகுதி முஸ்லிம்கள் பொதிமாடுகளிற் சரக்கேற்றி வாணிகம் செய்துவந்தனர் என்பது வரலாறு. அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் என் வாப்பாவும் இளவயதில் யாழ்ப்பாணத்துப் புடவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். புடவைக் கடைக்கும் தையல் கடைக்கும் இடையே ஏற்பட்ட பழக்கம் 1955 இல் திருமணத்தில் முடிந்தது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி எங்கள் அக்குறணையை ஊடறுத்தே செல்கிறது. உம்மா மணப்பெண்ணாக வந்திறங்கியதும் அந்த வீதியில்தான். "இந்த ரோட்டாலயே நடந்து போனா எங்கட வீடு வந்திடும்" என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லுவார். இடையில் முன்னூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் இருந்தது அவர் பேச்சில் தெரியாது.

அவர் கொண்டுவந்த சீதனப் பொருட்களுள் ஒன்று போர்வை. எங்கள் வீட்டில் அதற்குத் 'துண்டுப் போர்வை' என்று பெயர். மூத்த வாப்பாவின் கடையில் எஞ்சிய வெட்டுத்துண்டுகளையெல்லாம் மூத்தும்மா சேர்த்துவைத்து, சதுரம் சதுரமாக ஒட்டி மேற்புறத்தை அமைத்திருந்தார். அடிப்புறம் ஒரு பழைய நூற்சேலை. இரண்டுக்கும் நடுவே வீட்டிற் கிடந்த பழந்துணிகளை அடுக்கி, முழுவதையும் கையாலேயே நெருக்கமாக நூலோட்டித் தைத்திருந்தார். தையல் இயந்திரம் கடையிலே இருந்தும் இதற்கு மட்டும் அதனைத் தொட்டதில்லையாம். பெண்மக்கள் மூவருக்கும் ஆளுக்கொன்றாக மூன்று போர்வைகள் தைத்தார். மூத்தவரும் இளையவரும் சோனகத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டதால் அவர்களுடையவை மெல்லியவை. யாழ்ப்பாணத்து வெக்கைக்கு அதுவே அதிகம். நடு மகளான உம்மா மலைநாட்டுக்குப் போகவேண்டியவர் என்பதால், அவருடையதை மட்டும் கனமாகத் தைத்தார். மார்கழி, தை மாதங்களில் அக்குறணையில் இறங்கும் குளிரை ஒருபோதும் கண்டிராத ஒரு தாய், அதனைக் கற்பனையில் அளந்து தைத்த போர்வை அது. நானும் என் சகோதரிகளும் அதனுள் உறங்கித்தான் வளர்ந்தோம்.

இத்தகைய போர்வைகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. வங்காளத்துப் பெண்கள் பழஞ் சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா' உலகப் புகழ்பெற்றது. அந்தச் சொல்லும் நமது 'கந்தை'யும் ஒரே வேரில் வந்தவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே கீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தைத்த துண்டுப் போர்வைகள் 2002 இல் ஹியூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, மிசூரி பெட்வே என்ற பெண்மணி இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளைப் பிரித்து 1942 இல் தைத்தது. எங்களுக்கு அருகிலேயே, தும்பறைப் பள்ளத்தாக்கின் கலாசிரிகமக் கிராமத்தில் நெய்யப்படும் பாய்களை யுனெஸ்கோ நிறுவனம் 2021 இல் மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. கண்டிப் பிரதேசக் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டிலேயே பெருநூல் எழுதினார். மூத்தும்மாவின் போர்வை இத்தகைய எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. மூன்றே மூன்று பிரதிகள் கொண்ட கலை அது.

இனி, அது தொலைந்த கதைக்கு வருகிறேன்.

1990 மார்ச்சில் இந்திய அமைதி காக்கும் படை வெளியேறிய பின்னர், ஜூன் மாதம் மீண்டும் போர் வெடிக்கும் வரை வடக்கிலே சில வாரங்கள் அமைதி நிலவியது. அந்த இடைவெளியில் உம்மா தன் தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் புறப்பட்டார். போகும்போது போர்வையையும் எடுத்துச் சென்றார். முப்பத்தைந்து ஆண்டுப் பாவனையில் அதன் ஓரங்கள் நைந்துபோயிருந்தன. மூத்தும்மாவின் கண்கள் மங்கிவிட்டபடியால், அவரது கைத்தையல் அப்படியே வாய்த்திருந்த என் சாச்சியிடம், ஓரம் மாற்றித் தைத்துத் தருமாறு கொடுத்தார். ஐப்பசியிலே பிறக்கவிருந்த என் இரண்டாவது பிள்ளையை அதிலே கிடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓகஸ்ட் மாதம் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகச் சாச்சி சொல்லியிருந்தார். ஜூனில் போர் தொடங்கியதும் பாதை மூடப்பட்டது.

அவ்வாண்டு ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஒக்டோபர் 30 ஆம் திகதி காலையில் சோனகத் தெருப் பகுதியில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தல் விடுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒருவராக ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வருமாறு பணிக்கப்பட்டது. அங்கே கூடியவர்களுக்கு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. பணத்தையும் நகைகளையும் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 இற்கு மேற்பட்டோர் இவ்வாறு வேரோடு பிடுங்கப்பட்டனர். மன்னாரைச் சேர்ந்தோரிற் பலர் படகுகளில் கற்பிட்டிக்கு வந்தனர். யாழ்ப்பாணத்தவர்கள் லொறிகளிலும் கால்நடையாகவும் வவுனியாவை அடைந்தனர். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று.

சாச்சியின் குடும்பமும் மூத்தும்மாவும் புத்தளத்தில் இருப்பதை இரண்டு வாரங்களின் பின்னரே அறிந்தோம். உம்மாவும் வாப்பாவும் அரிசியும் உடுபுடவைகளும் எடுத்துக்கொண்டு சென்று பார்த்துவந்தார்கள். மறு ஆண்டிலேயே மூத்தும்மா கிடுகுக் கொட்டிலொன்றில் காலமானார். போர்வையைப் பற்றி அக்காலத்தில் எவரும் எதுவும் பேசவில்லை. உயிரும் வீடும் கேள்விக்குறியாகி நிற்கும் வேளையில் துணியைப் பற்றி யார்தான் கேட்பார்கள்?

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. ஏப்ரல் 10 ஆம் திகதி கிளிநொச்சியில் நடைபெற்ற பத்திரிகையாளர் மாநாட்டுக்கு நானும் சென்றிருந்தேன். முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என அன்ரன் பாலசிங்கம் அங்கு ஒப்புக்கொண்டார். எங்கள் தொழிலில் அது தலைப்புச் செய்தி. அக்குறணை திரும்பியதும் அதனைப் பெருமிதத்தோடு உம்மாவுக்கு விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இறுதியில் ஒன்றுதான் கேட்டார்.

"சோனகத் தெருவுக்குப் போனியா?"

போகவில்லை. செய்தி கிடைத்ததும் திரும்பிவிட்டிருந்தேன்.

அன்றுதான் உம்மா முதன்முறையாகப் போர்வையைப் பற்றிப் பேசினார். "அது இஞ்ச இருந்திருந்தா இருந்திருக்கும். நானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தன்" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் மனதில் இருந்தது இழப்பு மட்டுமல்ல, ஒரு குற்றவுணர்வும்தான் என்பதை அப்போதே அறிந்தேன். உம்மும்மாவின் கையால் ஆனது என்று தன் பிள்ளைகளுக்குக் காட்ட அவரிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

அடுத்த மாதமே உம்மாவை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் சென்றேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளைக் கடந்து போய்ச் சேர மாலையாகிவிட்டது. சோனகத் தெருவில் வீடுகள் கூரையின்றி, கதவு நிலையின்றி நின்றன. உள்ளே மரங்கள் முளைத்திருந்தன. தன் வீட்டை உம்மா கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அண்டைத் தெருவைச் சேர்ந்த வயோதிப மாது ஒருவர், தமிழர், உம்மாவை அடையாளங்கண்டு கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார். "ஒண்டையும் காப்பாத்தேலாமப் போச்சுது பிள்ளை. கட்டில் அலுமாரி எல்லாம் ஏத்திக்கொண்டு போட்டாங்கள்" என்றார். தேநீர் தந்தார். அந்த வீட்டின் திரைச்சீலைகளையும் கட்டில் விரிப்புகளையும் உம்மாவின் கண்கள் தம்மையறியாமலே துழாவியதையும், பின்னர் வெட்கத்தோடு தாழ்ந்ததையும் நான் கண்டேன். இழந்தவர்களுக்கு நேரும் இன்னொரு துன்பம் அது. அன்போடு உபசரிப்பவரின் வீட்டிலும் நம் பொருளைத் தேடவேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில், "சாச்சியிடம் எப்போதாவது கேட்டீர்களா?" என்று வினவினேன்.

"எப்படிக் கேக்கிறது மகன்? அவள் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிக்கிறாள். என்ட போர்வை எங்க எண்டு கேக்கேலுமா?"

நான் கேட்கத் தீர்மானித்தேன். கேள்வி கேட்பதுதானே என் தொழில். உம்மாவிடம் கூறாமலே ஒரு வெள்ளிக்கிழமை புத்தளம் தில்லையடிக்குச் சென்றேன். அப்போது சாச்சி கொட்டிலிலிருந்து இரண்டு அறைகள் கொண்ட கல்வீட்டுக்கு மாறியிருந்தார். சுற்றிவளைத்துப் பேசி ஒருவாறு விடயத்துக்கு வந்தேன். போர்வை என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் சாச்சியின் முகம் மாறிவிட்டது.

"ராத்தா கேட்டவவா?"

"இல்லை சாச்சி. நான்தான் கேட்கிறேன்."

அதன் பின்னர் அவர் கூறியதை இயன்றவரை அவர் கூறியவாறே தருகிறேன்.

அன்று அந்த இரண்டு மணித்தியாலத்தில் வீட்டில் மூன்று போர்வைகளும் இருந்தன. பெரியம்மா முன்னரே காலமாகிவிட்டதால் அவருடையதும் மூத்தும்மாவிடமே வந்திருந்தது. மூத்தும்மாவுக்குக் காய்ச்சல். அவரைப் போர்த்திக்கொண்டு செல்ல ஒன்றைத்தான் எடுக்க முடியும். சாச்சி தன்னுடையதையும் பெரியம்மாவினதையும் விட்டுவிட்டு உம்மாவுடையதை எடுத்தார்.

"கனமானது என்பதாலா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். ஆனா அது அமானிதம் மகன். என்ட சாமானை நான் விட்டுட்டு வரலாம். ராத்தா நம்பித் தந்ததை எப்படி விடுறது?"

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். அதனைப் பேணுவது ஈமானின் பகுதி எனச் சிறுவயதிலேயே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வாழ்நாளில் அச்சொல்லை எத்தனையோ மேடைகளிற் கேட்டிருக்கிறேன். வீட்டை விட்டு வெளியேற இரண்டு மணித்தியாலமே இருந்த ஒரு பெண், அதற்குள் அதன் பொருளை உணர்ந்து நடந்திருக்கிறாள்.

வழியிலே சோதித்தவர்கள், போர்வையின் கனத்தைக் கண்டு அதனுள் நகை தைக்கப்பட்டிருக்கலாம் எனச் சந்தேகித்து ஒரு பக்கத்தைக் கிழித்துப் பார்த்தார்கள். பழந்துணிதான் வந்தது. அவற்றினிடையே நீல நிறப் பாவாடைத் துணி ஒன்றும் இருந்தது.

"அது உன்ட உம்மா பள்ளிக்கூடத்துக்கு உடுத்துக்கொண்டு போன பாவாடை" என்றார் சாச்சி.

உம்மா பள்ளிக்கூடம் சென்றார் என்பதே எனக்குப் புதிய செய்தி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தாராம். வகுப்பிலே முதலாவதாம். பெரிய பிள்ளையானதும் வாப்பா நிறுத்திவிட்டாராம். இலவசக் கல்வி வந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்த காலம் அது. ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்து மன்றாடியும் மூத்த வாப்பா இணங்கவில்லை. இரண்டு நாட்கள் உம்மா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து மூத்தும்மாவுக்கு அருகில் அமர்ந்து வெட்டுத்துண்டுகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினாராம். கணவனை எதிர்த்துப் பேச இயலாத மூத்தும்மா அந்தப் பாவாடையை எறியவும் இல்லை, எவருக்கும் கொடுக்கவும் இல்லை. ஆண்டுகள் கழித்து, மகள் மணமாகிச் செல்லும்போது போர்வைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். உம்மாவுக்கு அது தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதனைப் போர்த்தியபடியே உறங்கியிருக்கிறார்.

காலையில் பத்திரிகை வந்ததும் உம்மா அதனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மகனின் பெயரைத் தேடுகிறார் என்றே எண்ணியிருந்தேன். அவர் முழுப் பத்திரிகையையும் படித்துக்கொண்டிருந்தார். என் சகோதரிகளின் படிப்பை நிறுத்தும் பேச்சு வீட்டில் எழுந்தபோது, வாப்பாவுக்கு எதிரே ஒரு சொல்லும் பேசாத உம்மா, அன்று மட்டும் ஏன் சோறாக்க மறுத்தார் என்பதும் தில்லையடியில்தான் எனக்குப் புரிந்தது.

போர்வை என்னவாயிற்று? மூத்தும்மா அதிலேதான் மௌத்தானார். அதன் பின்னர் கொட்டிலுக்குள் புகுந்த மழையும் கறையானும் அதனைத் தின்றுவிட்டன. சாச்சி எஞ்சியவற்றை வெட்டி வெட்டிக் காப்பாற்ற முயன்றிருக்கிறார். இறுதியில் தப்பியது ஒரு சாண் அகலத் துண்டு. நாலைந்து சதுரங்கள், அவற்றின் அடியிலே நீலப் பாவாடையின் ஒரு பகுதி. பெட்டியின் அடியிலிருந்து எடுத்து என் கையிலே தந்தபோது, "ராத்தாட்டச் சொல்லு, முழுசாக் குடுக்க முடியல்ல, மாப்புச் செய்யச் சொல்லு" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவர் கேட்கத் தயங்கியிருக்கிறார், மற்றவர் சொல்லத் தயங்கியிருக்கிறார்.

உம்மாவிடம் அதனைக் கொடுத்தபோது அவர் அழவில்லை. மேற்புறத்துச் சதுரங்களைத் தடவிப் பார்த்தார். பின்னர் புரட்டினார். நீலத்தைக் கண்டதும் விரல்கள் நின்றன. "உம்மா இதை வச்சிருந்தாவா" என்றார். வெகுநேரத்தின் பின்னர், "தங்கச்சி அவளுடையதை எடுக்கல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் விடியற்காலையிலேயே புத்தளம் போகவேண்டும் என்று ஆயத்தமாகி நின்றார். சகோதரிகள் இருவரும் அன்று என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் வெளியே வேலியோரம் நின்றிருந்தேன்.

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்த குடிமக்கள் ஆணைக்குழு தனது அறிக்கையை வெளியிட்டபோது, தொழில்முறையில் அதனை ஊன்றிப் படித்தேன். மிகவும் பெறுமதியான பணி அது. ஆயினும் இழந்த காணி, வீடு, கடை, நகை என்று நீளும் இத்தகைய எந்தக் கணக்கிலும் ஒரு பள்ளிக்கூடப் பாவாடையை எங்கே பதிவது? நாங்கள் கேட்டு எழுதினால்தான் உண்டு. எண்ணிக்கை வரும்வரை காத்திருந்த என்னைப் போன்றவர்கள்தான் அதனைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனியப் பகுதிகளில் தொடங்கிய வன்செயல்கள், அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் இருந்தும், மார்ச் 7 ஆம் திகதி அக்குறணையையும் எட்டின. கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருந்ததால் எங்கே என்ன நடக்கிறது என்பது பத்திரிகையாளனான எனக்கே தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் கடவுச்சீட்டுகளையும் காணி உறுதிகளையும் பையிலே திணித்துக்கொண்டிருந்தோம். எண்பத்திரண்டு வயதான உம்மா எவரையும் அழைக்காமல் கதிரையொன்றை இழுத்துப் போட்டு, அலுமாரியின் மேற்தட்டிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினார். பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணைக்குள் வெள்ளம் புகுவது வழக்கமாதலால் அதனை அவர் எப்போதும் உயரத்திலேயே வைத்திருப்பார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். அல்லாஹ்வின் அருளால் அன்றிரவு எங்கள் தெருவுக்கு எவரும் வரவில்லை.

மறு ஆண்டு உம்மா எங்களை விட்டுப் பிரிந்தார். டின் இப்போது என் மகளிடம் இருக்கிறது. 1990 ஐப்பசியில் பிறந்து, துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அதே மகள். அவள் பேராதனையிலே படித்துப் பட்டம் பெற்ற நாளில், உம்மா அந்தத் துண்டை எடுத்துவந்து அவளுடைய தோளிலே ஒரு கணம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். காரணம் எவருக்கும் கூறவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

இதனைப் படிக்கும் உங்களுள் எவருக்கேனும் தாய் உயிரோடு இருந்தால், அவரது பெட்டியின் அடியில் இருப்பது என்னவென்று இன்றே கேட்டுவிடுங்கள். தில்லையடியில் சாச்சியிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, உம்மாவிடம் அந்த வகுப்பறையைப் பற்றி, வீடு தேடி வந்த அந்த ஆசிரியையின் பெயரைப் பற்றி, ஒரு கேள்வியேனும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரை அறிந்த ஒரேயொருவரும் இப்போது அக்குறணை மையவாடியில் இருக்கிறார்.